கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் ஏறிய 1.4 கிலோ

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 38, பள்ளி ஆசிரியை. உயரம் 158 செ.மீ. 23 நாள்களுக்கு முன்பு கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினேன். சமையலறைத் தராசில் எடைபோட்டு, செல்போன் செயலியில் எழுதி, நாளொன்றுக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிடுகிறேன். தொடங்கிய அன்று எடை 74.2 கிலோ. எட்டாம் நாள் 72.3. அவ்வளவு சந்தோஷப்பட்டேன். 16ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்படும் முன் 72.0. மறுநாள் காலை 73.4! வியாழக்கிழமை 72.4க்கு வந்தது. அன்று மாலை முதல் வீட்டிலேயே தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழும் உடற்பயிற்சியும் சேர்த்துக்கொண்டேன். தொடை வலியில் பள்ளிப் படிக்கட்டு ஏற முடியவில்லை. ஆனால் இன்று, திங்கட்கிழமை, 73.1 காட்டுகிறது. இரண்டு நாளாக இரவில் சாப்பிடவில்லை, தண்ணீரையும் குறைத்துவிட்டேன். அப்படியும் இறங்கவில்லை. என்னோடு சேர்ந்து தொடங்கிய கணவருக்கு 4 கிலோ குறைந்துவிட்டது. மாமியார் ‘சோற்றை நிறுத்து, தானாகக் குறையும்’ என்கிறார். ஆறு மாதம் முன்பு எடுத்த தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகள் சரியாக இருந்தன. மூன்று நாளில் மாதவிடாய் வர வேண்டும். ஒரு நாளில் நான்கைந்து முறை எடை பார்க்கிறேன். பார்த்துவிட்டு அழுதும் இருக்கிறேன். என் 11 வயது மகளும் இப்போது தினமும் எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்று பார்க்கிறாள். நான் எங்கே தவறு செய்கிறேன்?

– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படிக்கும் நாளில் இரவு உணவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் படுக்க வேண்டும். இரண்டு இட்லியோ, ஒரு தோசையோ, பருப்புக் குழம்பு ஊற்றிய சோறோ, உங்கள் கணக்கில் அன்றைக்கு என்ன மீதம் இருக்கிறதோ அது. தண்ணீரும் தாகம் தீரக் குடியுங்கள். மற்ற எல்லா விளக்கமும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் தவறு செய்யவில்லை. தேதியும் எண்ணும் இவ்வளவு சீராக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் அதைத் துணிந்து சொல்ல முடிகிறது. உங்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் வயது, உயரம், எடை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், அசையாமல் படுத்திருந்தாலே உங்கள் உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,380 கலோரி செலவழிக்கும். பாடம் நடத்துவது, படியேறுவது, சமைப்பது, பஸ்ஸுக்கு நடப்பது எல்லாம் சேர்ந்தால் 1,900 கலோரிக்குப் பக்கத்தில் வரும். நீங்கள் சாப்பிடுவது 1,500. ஆக ஒரு நாளைக்கு 400 கலோரி துண்டு விழுகிறது. அதை உடல் தன் கொழுப்புச் சேமிப்பிலிருந்துதான் பெரும்பாலும் ஈடுகட்டுகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு நீங்கள் இழக்கும் கொழுப்பு 50 கிராம் சொச்சம்.

50 கிராம் என்பது ஒரு கோழி முட்டையின் எடை. வீடுகளில் வைத்திருக்கும் எடை இயந்திரங்களில் பெரும்பாலானவை 100 கிராம், 100 கிராமாகத்தான் எண்ணை மாற்றும். அதாவது, நீங்கள் ஒரு நாளில் உண்மையாகவே இழக்கும் கொழுப்பைக் காட்டும் திறன் அந்த இயந்திரத்துக்கே இல்லை. அது காட்டுவது வேறு ஒன்றை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறி நின்றால் அரைக் கிலோ கூடும். சிறுநீர் கழித்துவிட்டு ஏறினால் கால் கிலோ குறையும். குடலில் இருக்கும் உணவு, தசைகளில் இருக்கும் தண்ணீர், திசுக்களுக்கு நடுவே தேங்கும் தண்ணீர் இவையெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட மேலும் கீழும் போய்வரும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு முட்டை எடை அளவுக்குக் கொழுப்பு குறைந்ததை, ஒரு நாள் எண்ணை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் வாரத்துக்கு வருகிறேன். 74.2லிருந்து 72.3. அந்த 1.9 கிலோவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தியின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் அவசரத் தேவைக்காகக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கிறது. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும், தசைகளில் அதைப்போல மூன்று நான்கு மடங்கும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாள்களில் உடல் முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். 300 கிராம் கிளைகோஜன் செலவானால் அதோடு 900 கிராம் தண்ணீரும் வெளியேறும், மொத்தம் 1.2 கிலோ. சாப்பிடும் அளவு குறைந்ததால் குடலில் இருக்கும் பொருளும் குறையும். அதற்கு ஒரு கால் கிலோவோ சற்றுக் கூடவோ. மீதி இருக்கும் 350 கிராம் அளவுக்குத்தான் அந்த ஏழு நாளில் கரைந்த கொழுப்பு.

இதைச் சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுப்பது என் நோக்கம் இல்லை. முதல் வாரம் இறங்கிய தண்ணீரைக் கொழுப்பு என்று நம்பியவருக்குத்தான், மூன்றாம் வாரம் ஏறிய தண்ணீரும் கொழுப்பாகத் தெரிகிறது. பாதியில் விட்டுவிட்டுப் போன பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகம் பேர் விட்டது இந்த இடத்தில்தான், மூன்றாவது வாரத்தில், உடல் சரியாக வேலை செய்துகொண்டிருந்தபோதே.

இப்போது கல்யாணம். 72.0லிருந்து ஒரே இரவில் 73.4. இந்த 1.4 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், உங்கள் அன்றாடத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 10,800 கலோரியை அந்த ஒரு நாளில் சாப்பிட்டிருக்க வேண்டும். நல்ல நெய் லட்டு ஒன்றுக்கு 200 கலோரி என்று வைத்தால், சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் போக அதற்கு மேல் 54 லட்டு. நீங்கள் சாப்பிட்டது முகூர்த்தச் சாப்பாடும், மாலையில் ஒரு டிபனும், இடையில் இரண்டு மூன்று காபியுமாக இருந்திருக்கும். தாராளமாகவே கணக்கிட்டாலும் தேவைக்கு மேல் 1,500 கலோரி. கொழுப்பாக மாறினால் அதிகபட்சம் 200 கிராம்.

மீதி 1,200 கிராம் எங்கிருந்து வந்தது? கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையின் ஓரத்தில் முதலில் விழுவது உப்பு. பிறகு ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், இரண்டு மூன்று கறிவகை, சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், கடைசியில் உப்புப் போட்ட மோர். உப்பு இல்லாத பண்டம் பாயசமும் இனிப்பும்தான். ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு பந்தியிலேயே அதைத் தாண்டிவிடுவோம். நம் ரத்தத்திலும் திசு நீரிலும் உப்பின் அடர்த்தி எப்போதும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடல் நீரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அந்த அளவில் தயாரிக்கிறார்கள். அந்தக் கணக்கில், வழக்கத்துக்கு மேல் நான்கரை கிராம் உப்பு உள்ளே தங்கினால், அதைச் சமன்செய்ய உடல் அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு தாகம் எடுப்பது அதனால்தான். சிறுநீரகங்கள் அந்த உப்பை வெளியேற்ற இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்.

அரை லிட்டருக்கு உப்பு காரணம். 16 நாளாகக் குறைந்திருந்த கிளைகோஜன் சேமிப்பு அன்றைய சோற்றாலும் இனிப்பாலும் ஓரளவு நிரம்பியிருக்கும். 100 கிராம் நிரம்பினாலே தண்ணீரோடு 400 கிராம். இரவு தாமதமாகச் சாப்பிட்டது காலையில் குடலில்தான் இருக்கும். கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். கிளைகோஜன் நிரம்பியதைப் பற்றி வருந்தவே வேண்டாம். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய நான்கு நாளில் 72.4 வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடல் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

பிறகு வியாழனுக்கும் திங்களுக்கும் இடையில் ஏன் 700 கிராம் ஏறியது? இதற்கான இரண்டு காரணங்களும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. பழக்கமில்லாத தசைகளுக்கு வேலை கொடுக்கும்போது தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்ய உடல் அந்த இடத்துக்கு நீரை அனுப்புகிறது. படிக்கட்டு ஏற முடியாமல் வலித்த அந்தத் தொடை, உள்ளுக்குள் சிறிது வீங்கிய தொடை. வலி குறையும்போது அந்த நீரும் வடிந்துவிடும். உடற்பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஆனால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று மாதவிடாய். நம் வீடுகளில் ‘உடம்பில் நீர் கோத்துக்கொண்டது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நாள்களுக்கு அது மிகப் பொருத்தமான சொல். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன் மாற்றங்களால் உடல் உப்பையும் நீரையும் கூடுதலாகப் பிடித்துவைக்கிறது. மோதிரம் இறுகும், மார்பு கனக்கும், வயிறு உப்பும். நீர் சேர்வது மாதவிடாய் தொடங்கும் நாளையொட்டி உச்சத்துக்குப் போய், அடுத்த சில நாள்களில் வடிகிறது. என்னிடம் வரும் பெண்களில் சிலருக்கு இதனால் அரைக் கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். ஒருவருக்கே மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே ஒரு பெண் தன் எடையைப் போன திங்கட்கிழமையோடு ஒப்பிட்டால் தவறான விடைதான் கிடைக்கும். மாதவிடாயின் ஐந்தாம் நாளை அடுத்த மாதவிடாயின் ஐந்தாம் நாளோடு ஒப்பிட வேண்டும். உங்கள் கணவருக்கு இந்தச் சுழற்சியே கிடையாது. ஆண்களுக்குத் தசை அதிகம், அதில் சேமித்த கிளைகோஜனும் தண்ணீரும் அதிகம், உடல் பெரிதாக இருப்பதால் அன்றாடச் செலவும் அதிகம். அவருடைய 4 கிலோவிலும் கணிசமான பங்கு தண்ணீர்தான். அவர் எண்ணை உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். 23 நாள், நாளுக்கு 400 கலோரி. கொழுப்பில் கணக்கிட்டால் 1.2 கிலோ. கல்யாண நாளின் 200 கிராமைக் கழித்தால் ஒரு கிலோ. உங்கள் எடை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை குறைந்திருப்பது 1.1 கிலோ. நீங்கள் தோல்வி என்று நினைத்து அழுத அந்த 73.1, காகிதத்தில் போட்ட கணக்குக்கு 100 கிராம் பக்கத்தில் நிற்கிறது! இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. முதல் வாரம் வெளியேறிய தண்ணீரும் இப்போது கோத்திருக்கும் தண்ணீரும் ஒன்றை ஒன்று ஈடுகட்டியிருக்கின்றன. ஆனாலும் நீங்கள் 2.2 கிலோவை இழந்து பாதியைத் திரும்பப் பெற்றவர் இல்லை. மெதுவாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டிருப்பவர்.

தண்ணீரைக் குறைத்ததாக எழுதியிருந்தீர்கள். நடைப்பயிற்சி முடித்து வியர்த்துவிட்டு எடை பார்த்தால் அரைக் கிலோ குறைவாகக் காட்டுவதை வைத்துப் பலரும் வியர்வையில் கொழுப்பு கரைகிறது என்று நம்புகிறார்கள். கொழுப்பு வெளியேறும் வழி பெரும்பாலும் மூச்சு. 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே போகிறது, 1.6 கிலோ மட்டுமே தண்ணீராகிறது. அவர்களுக்கு 400 ஆண்டுகள் முன்பே இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் சாந்தோரியோ ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் எடைபோட்டுப் பார்த்தார். 1614இல் அதை நூலாக வெளியிட்டார். உள்ளே போன எடையில் பெரும்பகுதி மலமாகவும் சிறுநீராகவும் வெளியே வரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரவு படுக்கும்போது இருந்த எடை காலையில் குறைந்திருப்பதற்கு மூச்சும் கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் முக்கியமான காரணங்கள். அந்த மனிதரைப் பற்றி என் மாணவிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். தன் எடை ஏறி இறங்குவதைப் பார்த்து அவர் பயப்படவில்லை, அதிலிருந்து கற்றுக்கொண்டார்.

தண்ணீரை நிறுத்தினால் சிறுநீரகம் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மலச்சிக்கல் வரும், தலை வலிக்கும். திருச்சி வெயிலில் நின்று பாடம் நடத்துகிறவருக்கு அது ஆபத்தும்கூட. எடை இயந்திரத்தில் ஒரு நாள் எண் குறைவதைத் தவிர அதில் ஒரு பயனும் இல்லை.

மாமியார் சொல்லும் யோசனையும் இதே ரகம்தான். அவர் அக்கறையோடு சொல்கிறார், மறுக்கவில்லை. சோற்றை அடியோடு நிறுத்தினால் நான்கு நாளில் ஒரு கிலோ இறங்கும், அவர் சொன்னது பலித்தது போலவே தோன்றும். அது மீண்டும் கிளைகோஜனோடு போகும் தண்ணீர். சோறு திரும்பும் நாளில் அதுவும் திரும்பும். 1,500 கலோரிக்குள் சோற்றுக்கு இடம் இருக்கிறது. அளந்து சாப்பிடுங்கள், கூடவே பருப்பு, முட்டை, தயிர், சுண்டல் என்று புரதம் இருக்கட்டும். இரவு உணவைத் தவிர்ப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் மூன்றாம் நாள் மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் கணக்கு எல்லாம் மறந்து சாப்பிடுவார். பிறகு குற்ற உணர்ச்சி, மறுபடி பட்டினி. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவர எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. நீங்கள் இன்னும் அதற்குள் போகவில்லை.

அடுத்து என்ன செய்வது? மாதவிடாய் முடியும்வரை, அதாவது இன்னும் ஒரு வாரத்துக்கு, எடையே பார்க்காதீர்கள். சாப்பாட்டுக் கணக்கை மட்டும் வழக்கம்போல எழுதுங்கள். மாதவிடாயின் ஐந்தாம் நாளிலிருந்து ஏழு நாள், காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்ததும், காபிக்கு முன், ஒரே மாதிரி ஆடையில், ஒரே ஒரு முறை பாருங்கள். இயந்திரம் தரைவிரிப்பின் மேல் இருக்கக் கூடாது. சமமான டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் மூடிவிடுங்கள். ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. மற்றவை வெறும் அளவீடுகள். அடுத்த மாதமும் அதே ஐந்தாம் நாளிலிருந்து அதே ஏழு நாள். இரண்டு சராசரிகளுக்கும் இடையே ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ குறைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். கூடவே தையல் டேப்பால் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை அதே நாள்களில் அளந்து எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு அது 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. தசை கூடி, கொழுப்பு குறையும் காலத்தில் எடை நகராமல் நின்றாலும் டேப் நகரும், ரவிக்கையின் கொக்கி சொல்லும்.

இரண்டு மாதச் சராசரியும் ஒரே எண்ணாக நின்றால் மட்டும் சாப்பாட்டுக் கணக்கைச் சோதிக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். குழம்பையும் பொரியலையும் வீட்டில் நான்கு பேருக்கும் ஒன்றாகத்தான் சமைப்பீர்கள். உங்கள் பங்கு எண்ணெயை எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். ஒரு லிட்டர் பத்து நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, அதுவே 200 கலோரிக்கு மேல். இரண்டாவது, அரிசியும் சோறும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி, 100 கிராம் சோற்றில் 130. அரிசியை எடைபோட்டுவிட்டுச் செயலியில் சோறு என்று பதிந்தால் ஒரே வேளையில் 220 கலோரி கணக்கில் வராமல் போகும். செயலிகளில் ‘தோசை’ என்று தேடினால் பத்து விதமான எண் வரும், யார் பதிந்தது என்றே தெரியாது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுப் பொருள்களுக்கான சத்து அட்டவணையை வெளியிட்டிருக்கிறது. அரிசி, உளுந்து, தேங்காய் என்று மூலப்பொருளிலிருந்து கணக்கிடப் பழகினால் பிழை குறையும். அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய இடத்திலிருந்து வளர்ந்தது. 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. அந்த அட்டவணையைத் திறக்கும்போதெல்லாம் நீலகிரியின் அந்த ஒற்றை அறை எனக்கு நினைவுக்கு வரும்.

உங்களுக்கு இது பொருந்தாது என்றாலும், இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஏறும் எடை எல்லாமே பயப்படத் தேவையில்லாத தண்ணீர் இல்லை. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் அது இதயமோ சிறுநீரகமோ தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சில மாத்திரைகளோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகள். 11 வயதில் ஒரு பெண் குழந்தையின் எடை ஏறிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பூப்பெய்தும் காலத்தையொட்டி எலும்பும் தசையும் கொழுப்பும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே உடல் மளமளவென்று வளரும். அந்த வயதில் எண் ஏறுவதைக் கெட்ட செய்தியாக அவள் கற்றுக்கொள்ளக் கூடாது. அம்மா ஏறி நின்று முகம் வாடுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எடை இயந்திரத்தைக் கூடத்திலிருந்து எடுத்து உங்கள் அறை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். காலையில் நீங்கள் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள். அவள் கேட்டால், ‘பெரியவர்களுக்கு ஒரு கணக்குக்காக இது தேவைப்படுகிறது, உனக்கு வளர்வதுதான் வேலை’ என்று சொல்லுங்கள். அவள் முன்னால் உங்கள் உடலைப் பற்றி ஒரு குறையும் பேசாதீர்கள், அவள் தட்டில் இருக்கும் சோற்றைப் பற்றியும். இரவுச் சாப்பாட்டுக்கு அவளோடு சேர்ந்து உட்காருங்கள். தட்டில் உங்கள் அளவு, அவள் தட்டில் அவள் அளவு. இரண்டு இரவாக அம்மா சாப்பிடாததை அவள் கவனித்திருப்பாள்.

அடுத்த மாதத்து ஏழு நாள் அளவும் முடிந்த பிறகு இரண்டு சராசரிகளையும், இடுப்பளவையும், எண்ணெய் பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.